மடையில் சிக்கிய காகிதப் பொம்மைகள்

காகிதத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டு ஒரு தாளைக் கையில் கொடுத்தால், அது எந்தப் பக்கம் நேராகக் கிழியும், எந்தப் பக்கம் கோணிக்கொண்டு போகும் என்று விரலாலேயே சொல்லிவிடுவேன். திண்டிவனத்தில் இதைச் சொல்லக்கூடிய ஆள் இன்னொருவன் இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கலாம்.

1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமானது. அப்போது நான் விழுப்புரம் பேருந்து நிலையத்தில், வறுத்த வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, விற்பவர்களுக்குப் பழைய செய்தித்தாளில் கவர் ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மைதா மாவைக் கிண்டிப் பசை, விரல்தான் கருவி. மாவட்டம் வந்தால் ஆபீஸ் வரும், ஆபீஸ் வந்தால் காகிதம் வேண்டும் என்பது அந்தப் பேருந்து நிலையத்தில் என் ஒருவன் மண்டைக்குத்தான் ஏறியது. ஃபைல் அட்டையும் கார்பன் தாளும் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாகப் போனேன். பிறகு திண்டிவனத்தில் கடை, கடைக்கு மேலே வீடு, வீட்டுக்கு மேலே குடோன், பெருமுக்கல் போகிற சாலையில் கொஞ்சம் நிலம், அதில் ஒரு மோட்டார். யார் தயவிலும் வந்ததில்லை.

பொட்டலத் தொழில் எனக்குப் பழக்கிவிட்டது ஒன்று உண்டு. மடித்த காகிதம் கண்ணில் பட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். மேலே நல்ல பருப்பு தெரியும், அடியில் புழுத்தது இருக்கும். காலிக் காகிதத்தை வேலை மெனக்கெட்டு ஒருவரும் மடிக்க மாட்டார்கள். இதை வைத்துத்தான் நான் பிழைத்தேன். இதை வைத்துத்தான் ஒரு மாசி மாதம் என் வீட்டையே இரண்டாக்கப் பார்த்தேன்.

2010 தாண்டிச் சில வருடங்கள் ஆகியிருக்கும். என் மகன் ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை செய்தான். கம்பெனி அவனைப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பியபோது மருமகளும் பேத்தியும் கூடப் போய் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தார்கள். திரும்பியதும் அவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அறை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். மருமகளும் பேத்தியும் எங்களோடு இருந்தார்கள். பேத்திக்கு எட்டு வயது.

ஒருநாள் நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மருமகள் வந்து நின்றாள். விக்கிரவாண்டிப் பெண். பேச்சை வளர்க்க மாட்டாள்.

"மாமா, மேல் குடோன்ல பாதி காலியாத்தானே இருக்குது. சாயந்திரத்துல பசங்களுக்குக் காகிதம் மடிக்கச் சொல்லித்தரலாம்னு இருக்கேன்."

"காகிதம் மடிக்கவா? அதுக்கு ஒரு கிளாஸா?"

"ஜப்பான்ல இந்த மூணு மாசமும் பசங்களுக்குத் திருநாள்தான். மார்ச்ல பொம்மை, ஏப்ரல்ல பூ, மே மாசம் மீனும் போர்த்தொப்பியும். எல்லாம் ஒரே ஒரு சதுரத் தாள்தான்."

"அங்க குளிர் போய் வசந்தம் வரும், கொண்டாடறாங்க. இங்க இன்னா வரும்? வேர்க்குரு வரும்."

அவள் சிரிக்கவில்லை. "உங்க பிள்ளை ஜூன்ல எங்களை ஸ்ரீபெரும்புதூருக்கே வந்துடச் சொல்றாரு. இவளையும் அங்கயே ஸ்கூல்ல சேர்த்துடலாம்ங்கறாரு. எனக்குன்னு ஒரு வேலை இங்க இருந்தா நான் இங்கயே இருக்கேன்னு சொல்லிட்டேன். இது நடந்துதுன்னா இருக்கோம். இல்லன்னா போறோம்."

பேத்தி இல்லாத வீட்டை நான் இரண்டு வருடம் பார்த்தவன். அந்த இரண்டு வருடமும் என் வீட்டுக்காரி தொலைக்காட்சியோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்தேனே தவிர, மனசு ஒத்துக்கொள்ளவில்லை. இதற்காகவா ஒருத்தி ஊரோடு இருப்பாள்? இதில் வேறு என்னவோ இருக்கிறது என்று தோன்றியது.

வகுப்பு ஆரம்பித்தது. தெருப் பிள்ளைகள் பதின்மூன்று பேர் வந்தார்கள். முதல் சந்தேகம் தாளிலிருந்தே கிளம்பியது. கீழே கடை முழுக்கக் காகிதத்தை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். இவள் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு கட்டு வாங்கி வருகிறாள். ஒரு பக்கம் நிறம், மறுபக்கம் வெள்ளை. கேட்டால், "உங்க கிளேஸ் தாள் மடிப்புல வெடிக்குது மாமா" என்றாள். என் கடைத் தாள் வெடிக்கிறதாம். அன்றைக்கே கதவைச் சாத்திக்கொண்டு பளபளப்பான கலர்த் தாளான அந்தக் கிளேஸ் தாள் ஒன்றை நாலாக மடித்து நகத்தால் தேய்த்துப் பார்த்தேன். மடிப்பில் வெள்ளையாக வெடித்துத்தான் இருந்தது. அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். இவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் என் கேள்வி.

இரண்டாவது, பசை. பதின்மூன்று பிள்ளைகள், ஒரு சொட்டுப் பசை கிடையாது. பசை இல்லாமல் காகிதம் தலையில் நிற்கிறது, சுவரில் தொங்குகிறது, தரையில் உட்காருகிறது. நான் லட்சக்கணக்கில் கவர் ஒட்டியவன். பசை இல்லாமல் நிற்கிற காகிதத்தை நான் நம்பத் தயாராக இல்லை.

அதனால் தினமும் சாயந்திரம் கணக்கு பார்க்கிற நோட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் எட்டாவது படியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து கதவிடுக்கு தெரியும். என் வீட்டுப் படி, நான் உட்காருகிறேன். இதை ஒட்டுக் கேட்பது என்று என் வீட்டுக்காரி சொன்னாள்.

"ஏங்க, காத்து வேணும்னா மொட்டை மாடிக்குப் போங்களேன்."

"இங்கதான் காத்து நல்லா வருது."

"வரும் வரும். கதவுக்கு உள்ள இருந்து வருதில்ல."

நான் கேட்ட வரைக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. "மூலையை மூலையோட வெய்யி. மடிச்ச இடத்தை நகத்தால ஓட்டு. திருப்பு." இதுதான். ஏப்ரல் பூவை முன்கூட்டியே பழகிப் பார்த்த அன்றைக்கு மட்டும் கத்தரி எடுத்தார்கள். தாளை ஐந்து பங்காக வரும்படி மடித்து ஒரே வெட்டு. பிரித்தால் ஐந்து இதழ், ஒவ்வொரு இதழின் நுனியிலும் ஒரு பிளவு. ஜப்பானில் அந்தப் பூ ஒரு வாரம்தான் இருக்குமாம், ஊரே வேலையை விட்டுவிட்டு மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பிடுமாம். ஐந்து பங்கு மடிப்பது லேசு இல்லை. நாலு, எட்டு எவனும் மடிப்பான். பிள்ளைகள் போன பிறகு குப்பைக் கூடையிலிருந்து ஒரு பூவை எடுத்துப் பிரித்து, மடிப்பு ஓடிய வழியைப் பார்த்தேன். மூன்றாவது முயற்சியில் எனக்கும் வந்தது. யாருக்கும் சொல்லவில்லை.

என்னைப் பயமுறுத்தியது பொம்மை நாள்தான். அன்றைக்கு இரண்டு தாளில் ஆண் ஒன்று பெண் ஒன்று என்று மடித்தார்கள். கை காலெல்லாம் கிடையாது. அங்கிக்குள் சுற்றி வைத்தது மாதிரி ஒரு உருவம். பிறகு மருமகள் குரல் தாழ்ந்தது.

"இப்ப பொம்மையை எடுத்து உங்க தலையில இருந்து கால் வரைக்கும் தடவுங்க. எது உங்களை விட்டுப் போகணுமோ அதை மனசுல நெனைச்சிக்கினு பொம்மை மேல ஊதுங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, எல்லாத்தையும் தண்ணியில விட்டுடலாம். பொம்மை எடுத்துக்கினு போயிடும்."

என் கையிலிருந்த நோட்டு நழுவிப் படியில் விழுந்தது. உள்ளே பிள்ளைகள் கசமுசவென்று பேசினார்கள், யாரோ பென்சில் கேட்டார்கள். உருவம் செய்வது, உடம்பில் தடவுவது, ஊதுவது, தண்ணீரில் விடுவது. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. வாயால் சொல்லக்கூட மாட்டோம்.

மறுநாள் பிள்ளைகளை என் நிலத்துக்கே கூட்டிக்கொண்டு போனாள். மல்லாட்டைக்குத் தண்ணீர் கட்டுகிற நாள் அது. நான் முன்கூட்டியே போய் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்றேன். மகனும் வந்திருந்தான், சுவிட்சைப் போட்டான். தொட்டியிலிருந்து தண்ணீர் வாய்க்காலில் இறங்கியதும், ஒவ்வொரு பிள்ளையாகக் குனிந்து பொம்மையை விட்டது. சிவப்பும் நீலமுமாக வரிசையாக ஆடிக்கொண்டு போயின. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் எனக்கு மேலும் சந்தேகத்தைக் கொடுத்தது. என் பேத்தி தன் பொம்மையை விட்டுவிட்டு, அது போவதை விடாமல் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் கூட நடந்தாள்.

அந்த வாய்க்கால் அடுத்த நிலத்துக்காரன் வரப்போரமாகப் போய்ச் சுற்றி, என் நிலத்தின் கீழ்த்துண்டுக்கு வரும். இதை மருமகள் யோசிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நிலத்துக்காரன் என்னைவிடப் பத்து வயது சின்னவன். வாய் அதிகம். திங்கட்கிழமை காலையில் டீக்கடையில் என்னைப் பிடித்தான்.

"இன்னாண்ணா இது, என் மடையில பொம்மையா வந்து அடைச்சிக்கினு நிக்குது? ஒண்ணு ரெண்டு இல்ல, கூட்டமா நிக்குது. ஆம்பளை பொம்பளைன்னு ஜோடி ஜோடியா."

டீக்கடையில் எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வீட்டுப் பிள்ளைகள் விளையாடினதுப்பா, எடுத்து எறிந்துவிடு என்று. ஆனால் எனக்குத் தெரியாததே இல்லை என்று காட்டிக்கொள்கிற ஆள் நான். முந்தின நாளிலிருந்து நெஞ்சில் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"நானும் பார்த்துக்கினுதான்யா இருக்கேன். எனக்கே சந்தேகமாத்தான் இருக்குது. உடம்புல தடவி ஊதி விட்டாங்க."

"யாரு?"

"எங்க வீட்லதான்."

சொல்லி முடித்ததும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அன்று சாயந்திரம் வகுப்புக்கு நாலு பிள்ளைகள் வந்தன. செவ்வாய்க்கிழமை ஒருவரும் வரவில்லை. எதிர்வீட்டு அம்மா தன் பிள்ளையின் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே என் மருமகளைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனாள். அடுத்த நிலத்துக்காரன் வாய்க்காலை மண் போட்டு அடைத்துவிட்டான். பூசாரி வெள்ளிக்கிழமைதான் வருவாராம், அதுவரைக்கும் அந்தத் தண்ணீர் அவன் நிலத்தைத் தொடக்கூடாதாம். என் கீழ்த்துண்டு மல்லாட்டை, ஊசி மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கிற நேரத்தில் வாடி நின்றது.

புதன்கிழமை காலையில் நான் மாடிக்குப் போனபோது மருமகள் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். பேத்தியின் சட்டைகள் கட்டிலில் அடுக்கியிருந்தன.

"இன்னாம்மா, எங்க கிளம்பற?"

"ஜூன் வரைக்கும் எதுக்கு மாமா. அவர் கிட்ட சொல்லிட்டேன், இந்த ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துக்கினு வர்றாரு."

"நான் இன்னா சொன்னேன்னு இப்ப..."

"நீங்க சொன்னது தெருவுக்கே தெரியும். நான் ஒண்ணு கேக்கறேன். அமாவாசைக்கு அமாவாசை கடை வாசல்ல உப்பும் மிளகாயும் சுத்தி நெருப்புல போடறீங்களே, அது இன்னா?"

"அது திருஷ்டி."

"அதையே ஜப்பான்காரங்க காகிதத்துல சுத்தித் தண்ணியில போடறாங்க. அவ்ளோதான்."

ஆனாலும் விடவில்லை. "உள்ள இன்னா வெச்சி மடிச்ச?"

"ஒண்ணும் வெக்கல."

"ஒண்ணும் வெக்காம எதுக்குமா மடிக்கணும்?"

அவள் ஒரு சட்டையை எடுத்து உதறினாள். "நீங்க இத்தனை வருஷம் பொட்டலமாவே மடிச்சிட்டீங்க மாமா" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மடிக்கப் போய்விட்டாள்.

அவள் சொன்னதை நான் நம்பவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நம்பாதவனுக்கு ஒரு வழி உண்டு. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று சந்தேகமாக இருந்தால் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். மூன்று நாளாக ஊரே பேசுகிறது, ஒருவரும் பிரிக்கவில்லை. நான் உட்பட.

நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். பிள்ளையை அனுப்புகிற அம்மாக்கள் மூன்று பேரை என்னோடு வரச் சொன்னேன். அவர்களுக்கும் விருப்பமில்லை, எனக்கு இருந்த மரியாதைக்கு வந்தார்கள். ஆட்டோவில் நிலத்துக்குப் போனோம். அடுத்த நிலத்துக்காரன் பொம்மைகளைக் குச்சியால் தள்ளி வரப்பில் காயவிட்டு, சுற்றி விபூதியால் கோடு போட்டு, நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தான்.

"கோட்டைத் தாண்டாதண்ணா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு. எதுக்குப் பேஜாரு?"

"இந்தக் கை காகிதத்துக்குப் பயந்த கை இல்லடா" என்று சொல்லிக் கோட்டைத் தாண்டி உட்கார்ந்தேன். உள்ளுக்குள் பயம் இருந்தது. முதல் பொம்மையை எடுத்தேன். நனைந்து காய்ந்த தாள். அவசரப்பட்டால் மடிப்பிலேயே கிழியும். மடித்த வரிசைக்குத் தலைகீழாகப் பிரிக்க வேண்டும், கடைசி மடிப்பை முதலில். அதை அங்கே இருந்தவர்களில் நான் ஒருவன்தான் செய்ய முடியும். பிரித்து எல்லோருக்கும் காட்டினேன். முடி இல்லை, சாம்பல் இல்லை, ஆணி இல்லை. வெறும் சதுரத் தாள்.

அப்போது ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "உள் பக்கம் என்னவோ எழுதியிருக்குது" என்றாள்.

ஒன்றும் வைக்கவில்லை என்றாளே. என் சந்தேகம் வீண்போகவில்லை. வெள்ளைப் பக்கத்தில் பென்சில் எழுத்து. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் சத்தமாகப் படிப்பேன்.

"பல்லி."

"பல்லியா?" என்றான் நிலத்துக்காரன்.

எதிர்வீட்டு அம்மா முகம் மாறிவிட்டது. "அது எம்பொண்ணு எழுத்து. பாத்ரூம்ல பல்லின்னா உள்ளயே போகமாட்டா."

அடுத்ததைப் பிரித்தேன். "ஏழாம் வாய்ப்பாடு." அதற்கடுத்து, "மூக்கு ஒழுகறது." ஒன்றில், "அம்மா வெக்கிற வேப்பெண்ணெய்" என்று இருந்தது. அந்த அம்மா, "வீட்டுக்கு வரட்டும்" என்றாள், ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. விட்டுப் போக வேண்டியதை மனதில் நினைக்கச் சொன்னாள் என் மருமகள். மறந்துவிட்டால் என்ன செய்வது என்று பிள்ளைகள் பொம்மையைப் பிரித்து உள்ளே எழுதி, மறுபடியும் மடித்துவிட்டார்கள். நிலத்துக்காரன் கோட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான். "இதப் படிண்ணா, இதப் படிண்ணா" என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான்.

நீலப் பொம்மை ஒன்று. மடிப்பு அவ்வளவு சுத்தம். நகத்தால் ஓட்டிய மடிப்பு. பிரித்து, மற்றதைப் போலவே சத்தமாக எழுத்துக் கூட்டினேன்.

"தாத்தா... படியில... ஒக்காந்து... ஒட்டு... கேக்கறது."

படித்து முடித்த பிறகுதான் படித்தது புரிந்தது.

நிலத்துக்காரன் வரப்பிலேயே படுத்துவிட்டான். "இதுக்குத்தாண்ணா பூசாரி வேணும்" என்றான். மூச்சு வாங்கிய பிறகு எழுந்து, எலுமிச்சம்பழத்தை மடியில் போட்டுக்கொண்டு, மண்வெட்டியால் வாய்க்காலைத் திறந்துவிட்டான். அம்மாக்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்கள். நான் அந்த நீலத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று சாயந்திரம் பதினொரு பிள்ளைகள் வந்தன. மறுநாள் பதின்மூன்றும் வந்தன. மருமகள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தெருவுக்கே தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா. ஞாயிற்றுக்கிழமை மகன் வண்டியோடு வந்தான். "எங்க, பெட்டி ரெடியா?" என்றான். "பரண்ல இருக்குது" என்றாள். வெறும் வண்டியாகத் திரும்பினான்.

மே மாதம் போர்த்தொப்பி செய்தபோது, தலையில் போடுகிற அளவுக்குப் பெரிய சதுரம் பாண்டிச்சேரித் தாளில் கிடைக்காது. செய்தித்தாள்தான் வேண்டும். மருமகள் படியில் நின்று, "மாமா, உங்க கிட்ட இருந்து பழைய பேப்பர் வேணும்" என்றாள். என் கடையில் அவள் வாங்கிய முதல் காகிதம். எந்தப் பக்கம் நேராகக் கிழியும் என்று நானே பார்த்துப் பதின்மூன்று சதுரம் கிழித்துக் கொடுத்தேன். கத்தரியே தேவைப்படவில்லை. பேத்தியைத் திண்டிவனத்திலேயே பள்ளியில் சேர்த்தார்கள்.

ஆனால் ஒன்று. அந்த நீலப் பொம்மை தண்ணீரோடு போயிருக்க வேண்டியது. நான் கரையேற்றிப் பிரித்துவிட்டேன். அதில் வைத்து அனுப்பியது போகாமல் என்னிடமே திரும்பிவிட்டது. அதனால்தான் என் சந்தேகம் இன்னும் என்னை விடவில்லை என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு மாசியிலும் வாய்க்காலில் பொம்மை விடுகிறார்கள், நானும் ஒன்று மடித்து விடுகிறேன். அதில் என்ன எழுதுகிறேன் என்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. பேத்தி கேட்டாள், அவளுக்கும் சொல்லவில்லை. மற்ற பொம்மைகளுக்குப் பசை கிடையாது. என்னுடையதை மட்டும் நாலு பக்கமும் மைதாப் பசை போட்டு ஒட்டி விடுகிறேன். விட்ட பிறகு, அது அடுத்த நிலத்துக்காரன் மடையைத் தாண்டுகிற வரைக்கும் வரப்பில் நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன்.